வீட்டுக்குள் வந்த கலாசாலை

(நம் சங்கத்தின் கல்விக் குழுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இணையத்தின் வாயிலாக வீட்டிலிருந்தவாறே முதுகலைப் பட்டத்துக்குப் பயிலும் முறையைக் குறித்து, அதில் புகுந்து பார்த்தவர் என்ற முறையில் சிறிது பேசுமாறு கல்விக் குழுவினர் எம்மைப் பணித்தனர். யாம் பேச்சில் வல்லோம் அல்லோம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தானிய மண்டியில் தராசுக்கும் பேரேட்டுக்கும் நடுவில் இருந்து பழகிய எமக்கு மேடை புதிது. ஆயினும், சென்ற ஆண்டில் யாம் பெற்ற அனுபவத்தில் நம்மவர்க்குப் பயன்படத்தக்க செய்தி ஒன்று உண்டென்றும், அதனைச் சொல்லாமல் வைத்திருப்பது பட்ட கடனைக் கணக்கில் எழுதாமல் விடுவதை ஒக்கும் என்றும் தோன்றியமையால் இசைந்தோம்.

நம் முன்னோர் கல்வியின் அருமையை அறியாதவர் அல்லர். மூட்டைக்கு இவ்வளவு என மகமை எடுத்து, அந்தப் பணத்தில் பள்ளிக்கூடமும் மாணவர் விடுதியும் எழுப்பினார்கள். வெளியூர்க் கலாசாலைக்குச் செல்லும் பிள்ளைக்கு உபகாரச் சம்பளம் வழங்கும் ஏற்பாடும் அவர்கள் செய்ததே. அவ்வேற்பாட்டின் அடியில் ஓர் எண்ணம் உறைந்து கிடக்கின்றது. அஃதாவது, படிக்க வேண்டுமெனில் வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும் என்பது. புறப்படுகிறவனுக்குப் பெட்டி, படுக்கை, சாப்பாட்டுச் செலவு, விடுதியறை எல்லாம் வேண்டும். புறப்படாதவனுக்கு ஒன்றும் வேண்டா. இவ்வெண்ணத்தைத்தான் யாம் இன்று சிறிது அசைத்துப் பார்க்க விரும்புகிறோம்.

வீட்டிலிருந்து படித்துப் பட்டம் பெறுதல் புதிதன்று. லண்டன் சர்வகலாசாலை 1858-ஆம் ஆண்டிலேயே, கல்லூரியில் சேர்ந்து பயிலாதவரும் தேர்வெழுதிப் பட்டம் பெறலாம் என வாயிலைத் திறந்துவிட்டது. நம் நாட்டில் டில்லிச் சர்வகலாசாலை 1962-இல் தபால்வழிக் கல்வியைத் தொடங்கியது. 1971 முதல் மதுரையிலும் அம்முறை வந்தது. 1985-இல் இந்திரா காந்தியாரின் பெயரால் தேசியத் திறந்தநிலைச் சர்வகலாசாலை நிறுவப்பெற்றது. (சர்வகலாசாலை என்னும் பழைய சொல்லை யாம் விடாமல் வழங்குவது கேட்டு இளைஞர் சிலர் நகைக்கின்றனர். அவர்கள் பல்கலைக்கழகம் என்றே கொள்க.) யாமும் தபால் வழியே பி.காம். பட்டம் பெற்றவரே. பாடப் புத்தகக் கட்டுத் தபாலில் வரும். அதனைப் பிரியாமலே மண்டியின் பரணில் ஏற்றி வைத்து, தேர்வுக்கு இருபது நாள் இருக்கையில் இறக்கி, நெட்டுருச் செய்து எழுதித் தேறினோம். ஆசிரியர் ஒருவரது முகத்தையும் கண்டதில்லை. உடன் பயின்றவர் ஒருவரது பெயரையும் அறியோம். இணையவழிக் கல்வியும் அந்தப் பரண் கட்டுப் போன்றதே, கட்டு இருந்த இடத்தில் கம்ப்யூட்டர் இருக்கும், அவ்வளவே என்று எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் முதல் வாரத்திலேயே பிழையாயிற்று.

அதனைச் சொல்லுமுன், பலரும் எம்மைத் தெருவில் நிறுத்திக் கேட்கும் வினா ஒன்றுக்கு விடை கூறிவிடுகிறோம். "இது செல்லுபடியாகும் பட்டந்தானா?" என்பதே அவ்வினா. பல்கலைக்கழக மானியக் குழு 2020 செப்டம்பரில் இதற்கென விதிகள் வகுத்தது. அவ்விதிகளின்படி அங்கீகாரம் பெற்ற நிறுவனம் இணையவழியில் வழங்கும் பட்டம், கல்லூரியில் நேரிற் பயின்று பெறும் பட்டத்துக்கு நிகராகக் கொள்ளப்படும் என்று 2022 செப்டம்பரில் அறிவிக்கவும் செய்தது. ஆனால் நிறுவனத்தின் பெயர் பெரிது என்பது மட்டும் போதாது. எந்தப் படிப்புக்கு, எந்த ஆண்டுக்கு அங்கீகாரம் என்பதை மானியக் குழுவின் தொலைதூரக் கல்விப் பிரிவு தன் இணையத்தளத்தில் பட்டியலாக வெளியிடுகின்றது. பணம் கட்டுமுன் அதனைப் பார்த்தல் வேண்டும். பொறியியல், மருத்துவம், பல் மருத்துவம், செவிலியம், மருந்தியல், கட்டடக் கலை, சட்டம் முதலியவற்றுக்கு இம்முறையில் பட்டமே இல்லை. உண்டு என்று ஒருவர் துண்டுத்தாள் நீட்டினால் அவர் தரகர் என்க. சரக்கைக் கையால் அளைந்து பாராமல் விலை பேசாத நம்மவர், பிள்ளைகளின் படிப்பில் மட்டும் தரகர் சொல்லை நம்பி முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். இதுபற்றி இவ்வளவே போதும்.

நிற்க. யாம் இப்படிப்பிற் புகுந்த கதை இதுதான். எம் மருமகள் பி.காம். பயின்றவள், தன் கல்லூரியில் முதல் மாணவியாகத் தேறியவள். பெண் பார்க்கச் சென்ற நாளில், மேலே படிக்க ஆசை என்று அவள் தந்தையார் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அதற்கென்ன, கல்யாணத்துக்குப் பிறகு படிக்கட்டும்" என்று யாம் சொன்னோம். அவ்வாறு சொல்லாத சம்பந்தி வீடு நம் சமூகத்தில் உண்டோ? கல்யாணம் ஆயிற்று; பேரன் பிறந்தான்; நான்கு ஆண்டுகள் கழிந்தன. யாமும் மறந்தோம், பிறரும் நினைவூட்டவில்லை. ஒருநாள் பத்திரிகையில் வந்த இணையவழி எம்.காம். விளம்பரத்தை அவள் தன் மாமியாருக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தது எம் செவியில் விழுந்தது. எம் வாக்கு அப்போதுதான் எம்மைச் சுட்டது. அவள் தனியே சேரக் கூசுவாள் என்றெண்ணி, "யாமும் உன்னுடன் சேர்கிறோம், அம்மா. இருவருமாகப் படிப்போம்" என்றோம். ஐம்பத்து நான்காம் வயதில் இவ்வாறு சொல்வதில் சிறிது பெருமிதமும் இருந்தது என்பதை ஒளிக்க வேண்டுவதில்லை. இவ்வாறாக 2025 ஜனவரிப் பருவத்தில், ஒரே வீட்டிலிருந்து மாமனாரும் மருமகளும் ஒரே வகுப்பில் பெயர் பதிந்தோம். கட்டணம் இரண்டும் மண்டிக் கணக்கிலிருந்தே போயிற்று. அவள் இசைவு பெற்றே இவற்றையெல்லாம் இங்குச் சொல்கிறோம். அவளும் இக்கூட்டத்தில் அமர்ந்திருக்கிறாள்.

தொடக்க நாட்களில் இயந்திரத்தோடு பட்ட பாட்டை விரித்துரைக்க வேண்டா. பாஸ்வேர்டை மறப்பதும், கைபேசிக்கு வரும் எண்ணைத் தட்டுமுன் அதன் காலம் கழிந்துவிடுவதும், யாம் பேசுவது பிறர்க்குக் கேளாமல் உதடு மட்டும் அசைவதும் இக்காலத்தில் யாவரும் அறிந்தனவே. இரண்டு வாரத்தில் அவையெல்லாம் கைவந்தன. பாடம் நான்கு கூறாக அமைந்திருந்தது. பதிவு செய்த விரிவுரைக் காணொளி ஒன்று. படிப்பதற்கான எழுத்துப் பாடம் ஒன்று. தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளும் வினாக்கள் ஒன்று. மாணவர் தமக்குள்ளும் ஆசிரியரோடும் எழுத்தில் உரையாடும் பக்கம் ஒன்று. இவையன்றி, ஞாயிறு மாலையில் ஆசிரியர் நேரில் தோன்றும் வகுப்பும் உண்டு.

காணொளிப் பாடத்தின் நயம் ஒன்றைச் சொல்லாமல் விடல் ஆகாது. எம் பள்ளிப் பருவத்தில் ஆசிரியர் சொன்னது விளங்காவிடில், விளங்கிற்று என்று தலையசைப்போம். மறுமுறை கேட்கும் துணிவு நாற்பது பேர் நடுவில் எவனுக்கு வரும்? காணொளியிலோ ஆசிரியரை நிறுத்தலாம். பத்து முறை பின்னோக்கி இழுத்து அதே வாக்கியத்தைச் சொல்லச் செய்யலாம். அவர் முகஞ் சுளிப்பதில்லை. தேவை நெகிழ்ச்சி என்னும் பாடத்தை யாம் இவ்வாறு ஐந்து முறை கேட்டோம். விலை நூற்றுக்குப் பத்து ஏறினால் விற்பனை நூற்றுக்கு எவ்வளவு குறைகிறது என்று பார்த்து, பின்னதை முன்னதால் வகுப்பது அதன் கணக்கு. உளுத்தம்பருப்பு கிலோ 100 ரூபாயிலிருந்து 110 ஆனால், நாளுக்கு 200 கிலோ விற்ற இடத்தில் 190 கிலோ விற்கும் என வைத்துக்கொள்வோம். குறைந்தது நூற்றுக்கு ஐந்து. ஆகவே நெகிழ்ச்சி அரை. முந்திரிப்பருப்பு 800-லிருந்து 880 ஆனால், 40 கிலோ விற்றது 30 ஆகும் எனின், குறைந்தது நூற்றுக்கு இருபத்தைந்து, நெகிழ்ச்சி இரண்டரை. இட்லி தின்பதை யாரும் நிறுத்தார்; முந்திரி இல்லாத பாயசத்தையோ பொறுத்துக்கொள்வர். முப்பது ஆண்டுகளாக யாம் கல்லாவில் இருந்து கையால் அறிந்திருந்ததற்குப் பெயர் ஒன்றும் அளவு ஒன்றும் உண்டென்று அன்றிரவு கண்டபோது எமக்கு உண்டான மகிழ்ச்சி சிறிதன்று.

ஆனால் ஓர் ஐயம் எழுந்தது. தீபாவளி வாரத்தில் முந்திரி விலை ஏறுகிறது, விற்பனையும் ஏறுகிறது. பாடத்தின்படி குறையவன்றோ வேண்டும்? இதனைக் கலந்துரையாடற் பக்கத்தில், தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் எழுதினோம். அரை நாள் யாரும் விடை கூறவில்லை. மாலையில் ஒரு விடை வந்திருந்தது. விலை மட்டும் மாறி மற்றவை மாறாதிருக்கையில் ஒரே தேவைக் கோட்டின் மேல் மேலும் கீழும் நகர்கிறோம் என்றும், பண்டிகை வந்து மக்களின் விருப்பமே மிகும்போது அந்தக் கோடே வலப்புறம் பெயர்ந்துவிடுகிறது என்றும், விலை ஏறியது அப்பெயர்ச்சியின் விளைவேயன்றி விற்பனை ஏறியதற்குக் காரணம் அன்று என்றும் ஆறே வரிகளில் தெளிவாக எழுதியிருந்தது. கீழே பெயரைப் பார்த்தோம். எம் மருமகளின் பெயர்! ஒடிசாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், தமக்கும் அதே ஐயம் இருந்ததாகவும் இப்போது தெளிந்ததாகவும் "மேடம்" என விளித்து நன்றி எழுதியிருந்தார்.

அன்பர்களே! நான்கு ஆண்டுகளாக ஒரே கூரையின் கீழ் வாழ்கிறோம். காபி வேண்டுமா, மாத்திரை சாப்பிட்டாயிற்றா என்பவற்றுக்கு மேல் அவள் எம்மோடு தொடர்ந்து மூன்று வாக்கியம் பேசியதில்லை. நம் வீடுகளின் வழக்கம் அது. அவள் அறிவு எத்தகையது என்பதை அடுப்படிக்கும் முன்கூடத்துக்கும் இடையிலுள்ள பதினைந்து அடித் தூரத்தில் யாம் அறியவில்லை. எங்கோ ஓர் ஊரில் இருக்கும் இயந்திரத்துக்குப் போய்த் திரும்பி வந்த எழுத்தில் அறிந்தோம். அதன்பின் யாம் வினா எழுதுவதும் அவள் விடை எழுதுவதும் வழக்கமாயின. நேரில் இருவரும் அதைப்பற்றி ஒரு சொல்லும் பேசிக்கொள்ளவில்லை.

முதற் கட்டுரைப் பயிற்சியில் எமக்கு நேர்ந்த அவமானத்தையும் சொல்லிவிடுகிறோம். விலை நிர்ணயம் பற்றி எழுதப் பணித்திருந்தனர். பாடப் புத்தகத்திலிருந்து நல்ல வாக்கியங்களாகப் பொறுக்கி, அழகுற அடுக்கி அனுப்பினோம். தபால்வழிக் கல்வியில் எம்மைத் தேற்றியது அவ்வித்தையே அன்றோ! பிறர் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள் ஒன்று, எம் கட்டுரையில் நூற்றுக்கு நாற்பத்தாறு பங்கு பிறருடையது என்று வண்ணமிட்டுக் காட்டிற்று. மதிப்பெண் இல்லை, மீண்டும் எழுதுக என வந்தது. களவு செய்தவன்போல் இரண்டு நாள் யாரோடும் பேசாதிருந்தோம். பிறகு, மண்டியில் யாம் விலை வைக்கும் விதத்தை, வரத்து மிகுந்த நாளில் எவ்வளவு இறக்குவோம், பழைய வாடிக்கைக்காரருக்கு எவ்வளவு விட்டுக்கொடுப்போம் என்பதை, எமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினோம். இலக்கணப் பிழைகள் பல. ஆயினும் ஆசிரியர் நல்ல மதிப்பெண் இட்டு, "இது உங்கள் கடையா?" என்று ஓரத்தில் கேட்டிருந்தார். பட்டம் பெற்றவர் என்று முப்பதாண்டுகள் சொல்லிக்கொண்டிருந்த யாம், ஒரு கட்டுரையை முழுதும் சொந்தமாக எழுதியது அதுவே முதல் முறை.

வீட்டிலிருந்து எழுதும் தேர்வு எளிது என எண்ணுவோர் இருக்கின்றனர். அறையின் நான்கு மூலைகளையும் கேமராவுக்குச் சுற்றிக் காட்ட வேண்டும். மேசையின் அடியையும் காட்ட வேண்டும். எழுதும் நேரம் முழுதும் அது எம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும். எமக்கோ கணக்குப் போடும்போது உதட்டை அசைத்து முணுமுணுக்கும் பழக்கம். பிறரோடு பேசுகிறீர் என்று மூன்று முறை எச்சரிக்கை வந்தது. பேரன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து "தாத்தா" என்றதற்கு நான்காவது எச்சரிக்கை. மின்சாரம் ஒருமுறை போயிற்று. இன்வெர்ட்டர் இருந்தமையால் பிழைத்தோம். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும் என்று அப்போது யாம் நினைக்கவில்லை. இப்போது நினைக்கிறோம்.

இனி, யாம் சொல்ல வந்ததற்கு வருகிறோம்.

மண்டிப் பழக்கத்தால், படித்த நேரத்துக்குத் தனியே ஒரு சிட்டை எழுதி வந்தோம். முதுகலைப் பட்டத்துக்கு 80 கிரெடிட், நான்கு பருவம், ஆகவே பருவத்துக்கு 20. மேற்சொன்ன இந்திரா காந்தி திறந்தநிலைச் சர்வகலாசாலையார் ஒரு கிரெடிட்டுக்கு மாணவரின் உழைப்பு 30 மணி எனக் கணக்கிடுகின்றனர். அவ்வளவுப்படி பார்த்தால் ஒரு பருவத்துக்கு 600 மணி. அரையாண்டுக்கு 26 வாரம் எனின், வாரத்துக்கு 23 மணிக்குமேல் ஆகும். மண்டி வைத்திருப்பவனுக்கு இஃது இயலுவதா? எம் சிட்டையின்படி 22 வாரத்தில் யாம் படித்தது 311 மணி. வாரத்துக்கு 14 மணி. பாதிக்குச் சிறிதே மேல். அதனைக்கொண்டே தட்டுத்தடுமாறித் தேறினோம்.

அந்த 311 மணி எங்கிருந்து வந்தது? கணக்கு அறிந்தவர் இங்குப் பலர் இருக்கிறீர்கள். ஒரு பக்கம் வரவு இருந்தால், மறுபக்கம் யார் பேரிலேனும் பற்று இருத்தல் வேண்டும். மண்டியில் ஒரு மணி நேரமும் யாம் குறைத்துக்கொள்ளவில்லை. உறக்கத்திலும் அதிகம் குறையவில்லை. இரவு எட்டு மணிக்குக் கடை அடைத்து வந்ததும் முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு பத்து மணி வரை படிப்போம். எட்டரைக்கு நடந்துவந்த இரவுச் சாப்பாடு எம் பொருட்டுப் பத்துக்குத் தள்ளிப்போயிற்று. கூடத்தில் தொலைக்காட்சி நிறுத்தப்பட்டது. பேரன் சத்தம் போடாதவாறு பின்கட்டுக்குக் கொண்டுபோகப்பட்டான். ஒன்பது மணிக்குக் கதவருகே காபி டம்ளர் ஓசையின்றி வைக்கப்படும். இருவருக்குமென ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தோம். அஃது எம் மேசையிலேயே இருந்தது. பேரனைப் பின்கட்டில் வைத்திருந்தவள் யார்? பத்து மணிக்குத் தோசை வார்த்தவள் யார்? பாத்திரம் கழுவிவிட்டுப் பதினொரு மணிக்குமேல் கைபேசியின் சிறு திரையில் அதே பாடத்தைப் பார்த்தவள் யார்? சிட்டை எம் கையிலேயே இருந்தது; பற்றுப் பக்கத்தை மட்டும் யாம் எழுதவில்லை.

ஆறாம் வாரத்தில் வினா ஒன்றை எழுதினோம், விடை வரவில்லை. ஏதோ வேலை போலும் என்று விட்டோம். எட்டாம் வாரத்தில் அந்த ஒடிசா இளைஞர் பக்கத்தில் எழுதியிருந்தார்: அந்த மேடத்தை இப்போதெல்லாம் காணோமே, நலமா என்று. யாரென்றே அறியாத ஒருவர், ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து, எம் வீட்டில் ஒருத்தியின் குரல் நின்றுபோனதை எமக்குமுன் கண்டுகொண்டார். அவள் கடைசியாக எழுதிய தேதியைப் பார்த்தோம். ஐந்தாம் வாரத்தோடு நின்றிருந்தது.

எழுந்து அடுப்படிக்குச் சென்றோம். "ஏன் அம்மா, பக்கத்தில் உன் எழுத்தைக் காணோமே?" என்றோம்.

"நேரம் ஒத்து வரவில்லை, மாமா" என்றாள்.

"எட்டு மணிக்குமேல் உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் கிடைக்குமே?"

"எனக்கும் அந்த எட்டு மணிதானே, மாமா."

குரலில் குறை இல்லை, கோபமும் இல்லை. சொல்லிவிட்டுத் தோசையைத் திருப்பினாள். யாம் சிறிது நேரம் அங்கேயே நின்றிருந்து, விடை ஒன்றும் தோன்றாமல் திரும்பி வந்தோம்.

அதற்குள் பயிற்சிக் கட்டுரைகளின் கெடு கடந்துவிட்டிருந்தது. அப்பருவம் அவளுக்குப் போயிற்று. யாம் ஐந்து பாடத்திலும் தேறினோம். தேர்வு முடிவு வந்த அன்று எம் இல்லாள் மைசூர்பாகு வாங்கி வரச் செய்தாள். தெருவில் வீடு வீடாக அதனைக் கொண்டுபோய்க் கொடுத்தவளும் எம் மருமகளே.

அதன்பின் வீட்டில் சில மாறுதல் செய்தோம். யாம் விடியற்காலை ஐந்து மணிக்குப் படிக்கப் பழகிக்கொண்டோம். இரவு எட்டு முதல் பத்து வரை முன்னறையும் கம்ப்யூட்டரும் அவளுக்கு. அந்நேரத்தில் பேரன் தன் தந்தையிடம். சாப்பாடு ஒன்பது மணிக்கு முன்னரே செய்து மூடி வைத்ததை அவரவர் எடுத்து உண்பது. இஃது எளிதில் நடந்துவிடவில்லை. எம் மகனுக்கு முதல் மாதம் முகம் கோணியே இருந்தது. எம் இல்லாள் ஒருநாள், "எனக்கு யார் இப்படி இரண்டு மணி நேரம் ஒதுக்கிக் கொடுத்தார்கள்?" என்று கேட்டாள். அவளும் எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கியவள். அக்கேள்விக்கும் எம்மிடம் விடை இல்லை. ஜூலைப் பருவத்தில் மருமகள் மீண்டும் தொடங்கி, விட்ட ஐந்து பாடத்தில் நான்கைத் தேறினாள். ஐந்தாவது தேர்வன்று குழந்தைக்குக் கடுங்காய்ச்சல். அதனை இவ்வாண்டு எழுதுவாள்.

கல்விக் குழுவினருக்கு யாம் சொல்வது இதுவே. கலாசாலை வீட்டுக்குள் வந்துவிட்டது உண்மை; ஆனால் அது வரும்போது தனக்கென ஓர் அறையையும் வேளையையும் கொண்டுவருவதில்லை. அவற்றை வீடுதான் கொடுத்தாக வேண்டும். எம் வீட்டில் முன்னறை ஒன்று இருந்தது, இன்வெர்ட்டர் இருந்தது. கடைப் பின்புறம் ஒரே அறையில் ஐந்து பேர் குடியிருக்கும் நம்மவர் வீட்டில் இவை ஏது? ஆண் பிள்ளை எனில் கோயில் மண்டபத்துக்கோ தோழன் வீட்டுக்கோ போய்விடுவான். பெண்கள் எங்குப் போவார்கள்?

நம் சங்கக் கட்டடத்தின் மாடியில் வாசகசாலை இருக்கிறது. காலையில் பத்திரிகை படிக்க ஏழெட்டுப் பெரியவர்கள் வருகிறார்கள். பதினொரு மணிக்குப் பூட்டினால் மறுநாள் காலைவரை அங்கு ஒருவரும் இல்லை. அவ்வறையைப் பிற்பகல் இரண்டு முதல் ஐந்து வரை பெண்களுக்கும், இரவு ஏழு முதல் பத்து வரை பயிலும் எல்லோருக்கும் திறந்துவைக்கலாம். இணைய இணைப்பும் ஓர் இன்வெர்ட்டரும் மகமை நிதிக்குப் பெருஞ் செலவல்ல. கீழ்க்கூடத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஓர் அம்மையாரை அமர்த்த வேண்டும். இதனை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் செய்தால், மாடிக்கு ஒருத்தியும் வரமாட்டாள். அன்றியும், உபகாரச் சம்பள விதியில் "வெளியூரிற் தங்கிப் பயிலும்" என்னும் சொற்களை எடுத்துவிட வேண்டும். வீட்டில் இருப்பவளுக்குச் சோறு வீட்டிலேயே கிடைக்கிறதே, உபகாரச் சம்பளம் எதற்கு என்று பெரியவர் ஒருவர் எம்மிடம் கேட்டார். கட்டணத்துக்கு என்றோம். அதை அவள் புருஷன் கட்டமாட்டானா என்றார். கட்டுகிறவனும் உண்டு, "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்கிறவனும் உண்டு. அடுத்த வருஷம் என்பது எவ்வளவு நீளமானது என்று எமக்குத் தெரியும். எம் வீட்டில் அது நான்கு ஆண்டு நீண்டது.

இவற்றைத் தீர்மானமாக எழுதிக் காரியதரிசி அவர்களிடம் கொடுத்திருக்கிறோம். மாடிச் சாவியும் அவர்களிடமே இருக்கிறது. ஜூலைப் பருவத்துக்குப் பெயர் பதியும் நாள் நெருங்குகிறது. நம் நான்கு தெருக்களில் மட்டும் பட்டம் பெற்று வீட்டில் இருக்கும் பெண்கள் பதினொருவர், அறை உண்டெனில் சேர்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். நேற்று மாலை எம் மருமகள் அளவு நாடாவோடு மேலே சென்று பார்த்துவிட்டு வந்தாள். ஜன்னல் ஓரமாக இரண்டு வரிசை போட்டால் பன்னிரண்டு மேசை கொள்ளும் என்கிறாள்.